சீருடையும் தனித்துவமும்



சென்ற ஆண்டின் இறுதித் தவணையில் எமது தமிழ்ப் பாடசாலையின் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. சனிக்கிழமைகளில் இங்கு தமிழ் கற்க வரும் மாணவர் அனைவரும் ஒரே நிற மேற்சட்டை அணிதல் வேண்டும் என்பதே அந்த யோசனை. கூட்டத்தில் எவரும் அதனை மறுக்கவில்லை. ஆனால், செய்தி வகுப்பறைகளை எட்டிய மறுவாரமே, மேல்வகுப்பு மாணவர் பதினொருவர் ஒப்பமிட்ட கடிதம் ஒன்று எமது கைக்கு வந்தது. எழுத்துப் பிழைகள் சில இருந்தபோதிலும், அது முழுவதும் தமிழிலேயே எழுதப்பட்டிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் நாங்கள் சீருடை அணிகின்றோம், ஆறாம் நாளிலாவது எங்களை நாங்களாக இருக்க விடுங்கள் என்பது அக்கடிதத்தின் சாரம்.

அதே வாரத்தில் சிறுவர் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் எம்மைக் காண வந்தார். அவனது வாரநாட் பாடசாலையில், ஆளுக்கு ஒரு பவுண் நன்கொடை கொடுத்துத் தத்தம் சொந்த உடையில் வரும் நாள் ஒன்று உண்டு. மற்றப் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கும் அந்த நாளில், இச்சிறுவன் காலையில் எழுந்ததுமே வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். தாயார் மெல்ல விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. வெளியே அணியத்தக்க நல்ல உடை அவனிடம் ஒன்றே இருந்தது. சென்ற தடவையும் அதனையே அணிந்து சென்றான். வகுப்புத் தோழன் ஒருவன் அதனைக் கவனித்துச் சிரித்துவிட்டான். "இங்கே எல்லாருக்கும் ஒரே சட்டை என்றால் இவன் சந்தோசமாக வருவான், ரீச்சர்" என்றார் அத்தாயார்.

ஒரே வாரத்தில் எமக்கு வந்த இவ்விரு வேண்டுகோள்களும் ஒன்றற்கொன்று எதிரானவை. இரண்டிலும் நியாயம் இருந்தது. எனவே, முடிவெடுக்க விரையாமல், சீருடை என்னும் பொருளைப் பற்றிச் சில வாரங்கள் மாணவரோடு சேர்ந்து கற்றோம். அக்கற்றலின் பயனை இம்மலரின் வாயிலாக உங்கள் யாவரோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

சொல்லின் பொருள்

சீருடை என்னும் சொல் சீர், உடை என்னும் இரு சொற்களின் சேர்க்கையால் அமைந்தது. தமிழில் சீர் என்பதற்குப் பல பொருள்கள் உண்டு. ஒழுங்கு, அளவு, சிறப்பு, செல்வம் என்பன அவற்றுட் சில. செய்யுளின் ஓர் அடியில் அமையும் உறுப்பிற்கும் சீர் என்றே பெயர். ஆகவே, சீருடை என்பதற்கு ஒரே மாதிரியான உடை என்பது மட்டுமன்றி, ஒழுங்கான உடை, சிறப்பைத் தரும் உடை என்றும் பொருள் கொள்ளலாம். அணிபவருக்குச் சிறப்பைத் தராத உடை, ஒரே நிறத்தில் இருந்தாலும், அப்பெயருக்கு முழுதும் உரியதாகாது. இக்கருத்தை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

சீருடை தோன்றிய வரலாறு

நாம் வாழும் இந்நாட்டின் பாடசாலைச் சீருடை வரலாற்றைக் கூறுவோர், 1552 ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் நிறுவப்பட்ட கிறைஸ்ற் ஹொஸ்பிற்றல் என்னும் பாடசாலையிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆறாம் எட்வேர்ட் மன்னரின் காலத்தில், ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் அளிக்கும் நோக்குடன் அது தோன்றியது. நீண்ட நீல அங்கியும் மஞ்சட் காலுறையும் அப்பிள்ளைகளின் உடையாயின. 1902 இல் அப்பாடசாலை சசெக்ஸ் பகுதியிலுள்ள ஹோர்ஷம் நகருக்கு இடம் மாறியது. எனினும், அந்த நீல அங்கியை அங்கு பயிலும் மாணவர் இன்றும் அணிகின்றனர்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீல அங்கி உள்ளே இருந்த பிள்ளைகளைத் தமக்குள் சமமாக்கியது. ஆனால், அவர்கள் வீதியில் இறங்கியபோது, இவர்கள் தருமத்தில் வளரும் பிள்ளைகள் என்பதை ஊருக்கு அறிவித்ததும் அதே அங்கிதான். ஒரே உடை ஓரிடத்தில் வேற்றுமையை மறைத்து, மற்றோரிடத்தில் வேற்றுமையைக் காட்டியது. சீருடைக்கு இவ்விரு முகங்களும் தொடக்கம் முதலே இருந்துவந்துள்ளன.

இனி, நம்மவர் அறிந்த நாடுகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில், ஏழைப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு வரவழைப்பதற்கெனப் பெருமுயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. கல்வித்துறையின் தலைவராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அம்முயற்சிகளுக்கு உறுதுணையாக நின்றார். பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்ததோடு, ஊர்மக்களின் நன்கொடையைத் திரட்டிப் பாடசாலைகளைச் சீர்செய்யவும் சீருடை வழங்கவும் வழிசெய்தனர். கிழிந்த உடைக்கு நாணி வீட்டில் நின்ற பிள்ளைக்குச் சீருடையே பாடசாலையின் வாயிலைத் திறந்துவிட்டது.

இலங்கையிலோ, வெள்ளைச் சீருடையை அறியாத பெற்றோர் நம்மிடையே இல்லை. 1993 ஆம் ஆண்டு முதல் அங்கு அரசே மாணவருக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு அத்துணியைத் தைத்து, துவைத்து, நீலம் இட்டு, கஞ்சி போட்டு, மறுநாட் காலையில் மடிப்புக் குலையாமல் அணிந்து சென்ற நினைவு நம்மில் பலருக்கு இன்றும் பசுமையானது. போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தபோதும், ஒரேயொரு வெள்ளை உடையை இரவில் துவைத்துக் காயவிட்டுக் காலையில் அணிந்து சென்ற பிள்ளைகள் இருந்தனர். வீடு இழந்த பிள்ளைக்கு, நான் இன்னமும் ஒரு மாணவன் என்னும் உறுதியை அந்த உடை அளித்தது.

சீருடை இல்லாத நாடுகள்

ஆயினும், சீருடை இன்றிக் கல்வி இல்லை என்று எவரும் கருதிவிடல் ஆகாது. நம் மாணவர் பலருடைய சிற்றப்பா, பெரியம்மா, மாமா ஆகியோரின் பிள்ளைகள் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். அந்நாடுகளின் அரசுப் பாடசாலைகளில் பொதுவாகச் சீருடை வழக்கம் இல்லை. அங்கும் பிள்ளைகள் நன்றாகவே கற்கின்றனர். சீருடை அணிவதனால் மட்டுமே கல்வித்தரம் உயரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. எனவே, சீருடைக்கு ஆதரவாக வாதிடுவோர், அது அறிவை வளர்க்கும் என்று கூறாது, மனத்துயரைத் தணிக்கும், சமத்துவ உணர்வைத் தரும் என்று கூறுவதே பொருத்தமாகும்.

அந்தச் சமத்துவமும் தானாக வந்துவிடாது. சட்டை ஒன்றாக இருந்தாலும் சப்பாத்து வேறு, புத்தகப்பை வேறு, கைத்தொலைபேசி வேறு. பாடசாலைச் சின்னம் பொறித்த மேலங்கியைக் குறித்த ஒரு கடையில் மட்டுமே வாங்க வேண்டும் என்று விதித்தால், ஏழைப் பெற்றோருக்குச் சீருடையே ஒரு சுமையாகிவிடும். இதனை உணர்ந்தே, 2021 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாடசாலைச் சீருடைச் செலவு பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சின்னம் பொறித்த உடைகளை இயன்றவரை குறைத்தல் வேண்டும் என்றும், பயன்படுத்திய சீருடைகளைப் பெற்றோர் பெறுவதற்கு வழி இருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டத்தின் கீழ் வெளியான அறிவுறுத்தல் கூறுகின்றது. மலிவாகக் கிடைக்காத சீருடை சமத்துவத்தைத் தராது என்பது இதனால் தெளிவாகும்.

தனித்துவம் நாடும் பருவம்

மாணவரின் விருப்பத்தை இனி ஆராய்வோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதை அடையும் பிள்ளை, நான் யார் என்னும் வினாவைத் தனக்குத் தானே கேட்கத் தொடங்குகின்றது. இது வளர்ச்சியின் இயல்பு. அவ்வினாவிற்கு விடை காணும் முன்னரே, அதனை வெளியே காட்டத் துடிக்கும் மனம். கழுத்துப்பட்டியைக் கட்டையாகக் கட்டுதல், பாவாடையை இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துக்கொள்ளுதல், தலைமயிரைப் புதுவிதமாக வெட்டிக்கொள்ளுதல் ஆகியன இத்துடிப்பின் வெளிப்பாடுகளே.

பெற்றோர்களே, இதனைக் கண்டு நாம் அளவுக்கு மீறிச் சினப்பதற்கு முன்னர், நம் பள்ளிப்பருவத்தைச் சற்றே நினைத்துப் பார்த்தல் நன்று. இரட்டைப் பின்னலைக் கட்டிய றிபனின் அகலத்திலும், வெள்ளைச் சட்டைக் கையின் மடிப்பிலும், கைக்குட்டையின் ஓரத்தில் இழைத்த பூவிலும் நாமும் ஒரு காலத்தில் நம்மைத் தேடியவர்களே. அன்று அதிபர் கண்டித்தார், நாமும் கேட்டு நடந்தோம். ஆனால், அந்த ஆசை தவறானது என்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று கூறுவோம். புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் சின்னம் பொறித்த சட்டையை வாங்கி அணிவதனால் ஒருவருக்குத் தனித்துவம் வந்துவிடுமா? அதே சட்டையை அதே வாரத்தில் பல்லாயிரம் பேர் வாங்கியிருப்பர். அதுவும் ஒருவகைச் சீருடையே. பாடசாலை தந்த சீருடையைக் களைந்துவிட்டுக் கடை தந்த சீருடையை அணிவது விடுதலை ஆகாது. விருப்பம் வேறு, அடையாளம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பதே இப்பாடத்தின் நடுவான பகுதியாகும்.

மூன்று வழக்குகள்

இந்த வேறுபாட்டை நீதிமன்றங்களும் ஆராய்ந்துள்ளன. மூன்று வழக்குகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பேர்மிங்ஹாம் நகரில் எழுந்தது. தலைப்பாகையை நீக்கித் தலைமயிரை வெட்டினால் மட்டுமே சீக்கியச் சிறுவன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தனியார் பாடசாலை ஒன்றின் தலைமையாசிரியர் கூறிவிட்டார். வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1983 ஆம் ஆண்டில் அச்சபையின் நீதியரசர்கள், சீக்கியர் இன உறவுச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறும் ஓர் இனக்குழுவினர் என்றும், அவ்விதி அவர்களுக்கு எதிரான பாகுபாடு என்றும் தீர்ப்பளித்தனர்.

இரண்டாவது, லூட்டன் நகரில் எழுந்தது. அங்குள்ள பாடசாலை ஒன்று, பெற்றோரையும் பள்ளிவாசல்களையும் கலந்தாலோசித்து, முஸ்லிம் மாணவியர் சல்வார் கமீசும் தலையை மூடும் துணியும் அணிவதற்கு ஏற்கெனவே இடமளித்திருந்தது. மாணவி ஒருவர் அதற்கும் மேலாக நீண்ட அங்கி அணிய விரும்பினார். பாடசாலை மறுத்தது. கீழ் நீதிமன்றங்கள் இருவேறு முடிவுகளைக் கூறின. இறுதியில் 2006 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை பாடசாலையின் பக்கமே தீர்ப்பளித்தது. விதியை வகுக்கும்போது பாடசாலை காட்டிய கவனத்தையும் கலந்தாலோசனையையும் நீதியரசர்கள் மதித்தனர்.

மூன்றாவது வழக்கு, தமிழராகிய நமக்கு மிக நெருங்கியது. 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்பதற்கு இந்தியாவிலிருந்து சென்ற முதற் தொகுதியினர் அதில் இருந்தனர். அவர்களைத் தொடர்ந்து சென்றோருள் தமிழர் பலர். மொழி தேய்ந்த வீடுகளிலும் சில வழக்கங்கள் தேயாமல் நின்றன. பெண்பிள்ளை பருவமெய்தியதும் மூக்குக் குத்தி, மூக்குத்தி அணிவித்து, அவளைப் பொறுப்புள்ள பெண்ணாக மதிக்கும் வழக்கம் அவற்றுள் ஒன்று.

2004 ஆம் ஆண்டில் டேர்பனில் ஒரு தாயார் இவ்வழக்கப்படி தம் மகளுக்கு மூக்குத்தி அணிவித்தார். மகள் கற்ற பாடசாலையின் விதியோ, ஒவ்வொரு காதிலும் ஒரு சிறு தோடும், கைக்கடிகாரமும் தவிர வேறு அணி எதுவும் கூடாது என்றது. காரணத்தை எழுத்தில் தருமாறு பாடசாலை கேட்டது. தாயார், இது நாகரிகத்திற்காக அணிவது அன்று, எம் குடும்ப மரபு என்று விளக்கி எழுதினார். பாடசாலை ஏற்கவில்லை. முதலில் விசாரித்த நீதிமன்றம் பாடசாலையின் பக்கம் நின்றது. மேல்நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. இறுதியாக, வழக்கு அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தை அடைந்தது.

2007 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. தலைமை நீதியரசர் பயஸ் லங்கா அதனை எழுதினார். சீருடை நல்ல நோக்கங்களுக்கு உதவுவது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால், மூக்குத்திக்கு விலக்கு அளிப்பதனால் அந்நோக்கங்கள் கெட்டுவிடும் என்பதற்குச் சான்று இல்லை என்றார். மூக்குத்தி சமயத்தின் கட்டாய விதி அன்று, மாணவி விரும்பியே அணிகின்றார் என்னும் வாதத்தையும் நீதிமன்றம் ஆராய்ந்தது. கட்டாயம் இல்லாமல் ஒருவர் தாமே விரும்பிக் கடைப்பிடிக்கும் மரபும் பாதுகாப்பிற்கு உரியதே என்று முடிவு செய்தது. ஒருவருக்கு இடமளித்தால் பலரும் கேட்பர் என்னும் அச்சத்திற்கு, மரபுகள் பல வெளிப்படுவது கொண்டாடத்தக்கது, அஞ்சத்தக்கது அன்று என்னும் கருத்தில் விடையளித்தது. அதேவேளை, வெறும் நாகரிகத்திற்காக அணிவோருக்கு இவ்விலக்கு உரியதன்று என்பதையும் தெளிவாக்கியது. தீர்ப்பு வெளியானபோது அம்மாணவி அப்பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டார். எனினும், அவருக்குப் பின் வரும் பிள்ளைகளுக்காக விதியைத் திருத்துமாறு பாடசாலை பணிக்கப்பட்டது.

இம்மூன்று வழக்குகளிலிருந்தும் நாம் பெறும் பாடம் ஒன்றே. நீதிமன்றங்கள் சீருடையை நீக்கச் சொல்லவில்லை. ஆனால், சீருடை விதியை வகுப்பவர் பிள்ளைகளையும் பெற்றோரையும் செவிமடுத்தாரா என்று கேட்டன. பிள்ளையின் பிறப்போடும் மரபோடும் மனச்சான்றோடும் ஒட்டிய ஒன்றை விதி பறிக்குமானால், அவ்விதி தளர்ந்து இடம்கொடுத்தல் வேண்டும். வெறும் விருப்பத்திற்கு அவ்வாறு இடம்கொடுக்கும் கடமை இல்லை.

நாமே விதித்த தடை

டேர்பன் வழக்கை மேல்வகுப்பில் விளக்கியபோது, மாணவி ஒருவர் கையை உயர்த்தினார். "அந்தப் பிள்ளையின் அம்மா மூக்குத்திக்காக வழக்குப் போட்டார். என் அம்மா தினமும் காலையில் பாடசாலை வாசலில் காரை நிறுத்திவிட்டு, என் பொட்டை அழித்துவிட்டுப் போகச் சொல்லுவார்" என்றார். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. வேறு இருவரும், தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றனர்.

அவர்களுடைய பாடசாலைகளின் விதிகளை அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லிப் படித்துப் பார்த்தோம். பொட்டுக்குத் தடை அவற்றில் எங்கும் இல்லை. தடை விதித்தவர்கள் நாமே. பிள்ளையை எவரும் கேலி செய்துவிடக்கூடாது என்னும் அன்பினாலும் அச்சத்தினாலும் விதித்தோம். அந்த அச்சம் காரணமற்றது என்று கூற மாட்டோம். இந்நாட்டிற்கு முதலில் வந்த காலத்தில் நம்மில் பலர் வீதியில் கேட்ட சொற்கள் நமக்கு நினைவில் உள்ளன. ஆயினும், பொட்டை அழித்துவிட்டுப் போ என்று ஐந்து நாளும், தமிழைப் படி, பண்பாட்டைக் காப்பாற்று என்று ஆறாம் நாளும் கூறினால், பிள்ளை எதனை நம்பும்? பொட்டு வைப்பதா இல்லையா என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்வோம். பிள்ளை வேண்டாம் என்றால் அதனையும் மதிப்போம். அச்சத்தினால் மட்டும் அழிக்காதிருப்போம்.

யாப்புக் கூறும் விடை

சீருக்கும் தனித்துவத்திற்கும் உள்ள உறவைத் தமிழ் யாப்பே நமக்கு அழகாக உணர்த்துகின்றது. திருக்குறளில் 1330 குறட்பாக்கள் உள்ளன. அவை யாவும் ஒரே அளவின. முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். ஏழு சீருக்கு மேலே ஒன்றும் இல்லை, குறைவும் இல்லை. 1330 பாக்களும் ஒரே சீருடை அணிந்து நிற்கின்றன எனலாம். ஆனால், ஒரு குறள் மற்றொரு குறள் போல இருக்கின்றதா? ஒன்று நட்பைக் கூறுகின்றது, ஒன்று மழையைக் கூறுகின்றது, ஒன்று காதலைக் கூறுகின்றது. அளவு ஒன்றாயினும் பொருள் வேறு, ஓசை வேறு.

அதுமட்டுமன்று. இத்துணைக் கட்டுப்பாடு உடைய வெண்பாவும் தன் இறுதிச் சீரில் சிறு இடம் ஒன்றை விட்டுவைத்துள்ளது. அவ்விறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஏதேனும் ஒன்றில் முடியலாம் என்பது இலக்கணம். முழு உரிமையும் தரவில்லை, ஒரே வழியில் அடைக்கவும் இல்லை. நல்ல விதிக்கு இதுவே இலக்கணம் என்று நாம் கருதுகின்றோம். ஒழுங்கைக் காத்துக்கொண்டே, தெரிவுக்கு ஓர் இடத்தை அது வைத்திருக்கும்.

நாம் எடுத்த முடிவு

இவ்வாறு கற்றபின், ஆசிரியரும் பெற்றோர் சார்பில் மூவரும் மேல்வகுப்பு மாணவர் சார்பில் இருவரும் ஒன்றாக அமர்ந்து பேசினோம். முதலில் எமது பிழையை ஏற்றுக்கொண்டோம். அணியப்போகும் மாணவரைக் கேளாமலே யோசனையை முடிவாக்கிவிட எண்ணியது தவறு என்றோம். பின்னர், கடிதம் எழுதிய மாணவரிடம், சிறுவர் வகுப்புப் பிள்ளையின் வயிற்றுவலியைப் பற்றி, அவன் பெயரைக் குறிப்பிடாமல், எடுத்துக் கூறினோம். அவர்கள் சிறிது நேரம் மௌனமாக இருந்தனர். "அப்படியென்றால் மேற்சட்டை மட்டும் ஒன்றாக இருக்கட்டும்" என்று அவர்களே முதலில் கூறினர்.

முடிவு இதுவே. மேற்சட்டை ஒரே நிறம். அதில் சின்னம் எதுவும் அச்சிடப்படாது. எந்தக் கடையிலும் மலிவாக வாங்கலாம். அளவு சிறுத்த சட்டைகளை இடுவதற்கு மண்டப வாயிலில் ஒரு பெட்டி வைக்கப்படும், வேண்டியவர் கேளாமலே எடுத்துக்கொள்ளலாம். காற்சட்டை, பாவாடை முதலியன அவரவர் விருப்பம். பொட்டு, திருநீறு, பூ, மூக்குத்தி, சிலுவை, தலைத்துணி ஆகியவற்றிற்குத் தடை இல்லை என்பது விதியில் எழுத்திலேயே குறிக்கப்படும். இறுதியாக, மாணவர் கேட்டுப் பெற்ற ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தம் முழுப்பெயரைத் தம் கையாலேயே தமிழில் எழுதிய துணிப்பட்டி ஒன்றை நெஞ்சுப் பக்கத்தில் அணிவர். சட்டையைப் பிறருக்குக் கொடுக்கும்போது அப்பட்டியைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

பெயர்ப்பட்டி எழுதிய சனிக்கிழமை எமக்கு மறக்க இயலாதது. வாரநாட் பாடசாலைகளில் நாவுக்கு எளிதாக ஓர் எழுத்தாகவும் இரண்டு எழுத்தாகவும் சுருங்கிவிட்ட பெயர்கள், அன்று முழுமையாக நீண்டு நின்றன. சிலர் தம் பெயரில் வருவது லகரமா, ளகரமா, ழகரமா என்று வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டு எழுதினர். ஒரே நிறச் சட்டைகளில் ஒன்றைப்போல் ஒன்று இல்லாத கையெழுத்துகள். சிறுவர் வகுப்பு மாணவனும் தன் பெயரைப் பெரிய எழுத்தில், பட்டியின் விளிம்பையும் தாண்டி எழுதியிருந்தான்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு விதி பொருந்தவில்லை என்றால், மறைவாக மீறாதீர்கள். காரணத்தைத் தெளிவாக எழுதிக் கேளுங்கள். அந்தப் பதினொருவர் எழுதியது போல எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது, இது விருப்பமா, அடையாளமா என்று அவரோடு சேர்ந்து சிந்தியுங்கள். ஆசிரியராகிய நாமும் விதியை வகுக்கும் முன்னர் உங்களைக் கேட்போம் என்று இம்மலரின் வாயிலாக உறுதி கூறுகின்றோம்.

சிந்தித்து விடை எழுதுக

1. சீர் என்னும் சொல்லுக்குரிய பொருள்கள் மூன்றினைக் கூறுக.
2. நீல அங்கி அணிந்த பிள்ளைகளுக்கு அவ்வுடை தந்த நன்மை யாது? தந்த இடர் யாது?
3. லூட்டன் வழக்கும் டேர்பன் வழக்கும் வேறுபட்ட முடிவைப் பெற்றமைக்குக் காரணம் என்ன என்று கருதுகிறீர்?
4. உமது வாரநாட் பாடசாலையின் சீருடை விதியைப் பெற்றோருடன் சேர்ந்து படித்து, மாற்றத்தக்க ஒன்றையும் மாற்றக்கூடாத ஒன்றையும் எழுதுக.
5. உமது முழுப்பெயரின் பொருளை வீட்டில் கேட்டறிந்து ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

அருஞ்சொற்பொருள்

ஒப்பம் - கையெழுத்து
சாரம் - முக்கிய கருத்து
நாணி - வெட்கப்பட்டு
கொட்டில் - ஓலையால் வேய்ந்த சிறு கூடம்
மனச்சான்று - நல்லது தீயதை உணர்த்தும் உள்ளுணர்வு
வாய்பாடு - செய்யுளின் சீர்களை இனங்காட்டும் மாதிரிச் சொல்